உப்பில்லாமல் கொப்பளித்தவர்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். வாய்ப்புண்ணின் மேல் சிவப்பு வெளிச்சம் காட்டினால் எரிச்சல் குறைகிறதாம். அங்கே இருக்கும் நர்ஸ் பெண்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். கூடவே ஒருத்தி, "மேடம், உங்க காலத்துல இதுக்கெல்லாம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டிருந்தாள். உங்க காலமாம். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. கோபத்தில் இரண்டு நாள் பதில் போடவில்லை. கோபம் தணிந்து எழுத உட்கார்ந்தேன், அது இவ்வளவு நீளம் வந்துவிட்டது. படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் மெஷினோடு படம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

முப்பத்தொரு வருஷ சர்வீஸில் கடைசிப் பதினான்கு வருஷம் நான் கதிர்வீச்சுப் பிரிவில் இருந்தேன். அதற்கு முந்தைய கதையெல்லாம் எல்லா நர்ஸுக்கும் உள்ளதுதான். ஊசி போடக் கற்றேன், திட்டு வாங்கக் கற்றேன், நின்றுகொண்டே சாப்பிடக் கற்றேன். பிரசவ வார்டில் ராணி மாதிரி இருந்தவளைத் திடீரென்று இங்கே மாற்றியபோது ஒரு வாரம் அழுதேன். அங்கே குழந்தை பிறந்தால் சர்க்கரை கொடுப்பார்கள், இங்கே யார் என்ன கொடுப்பார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர், "உனக்குத்தான் சுகர் இருக்கே, நல்லதுதான்" என்றார்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வந்தவர்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் கதிர்வீச்சு கொடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு "கரண்டு வைக்கிறது" என்று பெயர். கரண்டு நோயை மட்டும் பொறுக்கிச் சுடாது, வாயின் உள்தோலையும் சேர்த்துச் சுடும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. "இவ்ளோதானா சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே போவார்கள். இரண்டாவது வாரம் கன்னத்தின் உட்பக்கம் சிவக்கும். மூன்றாவது வாரம் புண் வரும். அதற்குப் பிறகு எச்சில் விழுங்குவதே பெரிய வேலை. நாக்கில் ருசி என்பது சுத்தமாகப் போய்விடும். கரண்டு முடிந்தபின் புண் சில வாரங்களில் ஆறும். ருசி திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அந்தப் புண்ணோடு அவர்களைக் கடைசி நாள்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. நடுவில் நிறுத்தினால் நோய்க்குக் கொண்டாட்டம்.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் பரந்தாமன். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்காது, பேனா மாதிரி ஒரு டார்ச் இருக்கும். நோயாளியை "ஆ காட்டுங்க" என்று சொல்லும்போது தானும் வாயைத் திறப்பார். அவருக்கே அது தெரியாது. அவர் திறந்தால் பக்கத்தில் நிற்கும் நானும் திறப்பேன், நோயாளியின் மனைவி திறப்பார், ஃபைல் எடுத்துக்கொண்டு வந்தவர் திறப்பார். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாட்டுப் பாடப் போகிறோம் என்றுதான் தோன்றும்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாதாரணமாக எங்களை "நீ, வா, போ" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "தமயந்தி சிஸ்டர், நீங்க கொஞ்சம் இங்க வாங்க" என்றால் என்ன தப்பு செய்தேன் என்று நடந்துகொண்டே தேடுவேன். அவர் ஒருதரம் "தாங்கள்" என்று ஆரம்பித்ததைக் கேட்ட ஒரு டெக்னீஷியன் மாற்றல் வாங்கிக்கொண்டே போய்விட்டார்.

சேர்ந்த முதல் நாளே என்னிடம் ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு டம்ளரும் கொடுத்தார். கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. அதுதான் எங்கள் கொப்பளிக்கும் தண்ணீர். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். "இன்னிக்கு முழுக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நீ கொப்பளி. நாளைக்கு வந்து சொல்லு" என்றார். மூன்றாவது தடவையே எனக்கு அலுத்துவிட்டது. நான்காவது தடவை மறந்தேன். ஐந்தாவது தடவை மறந்த மாதிரி இருந்தேன். மறுநாள் எதையும் மறைக்காமல் சொன்னேன். "வாய் நல்லா இருக்கற உன்னால அஞ்சு தடவை முடியல. புண்ணோட இருக்கறவங்களை எட்டு தடவை பண்ணச் சொல்லப் போறே. அதை ஞாபகம் வெச்சிக்கிட்டுச் சொல்லு" என்றார். மரத்துப்போக வைக்கும் மருந்தையும் வாயில் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். பத்து நிமிஷத்துக்கு என் நாக்கு இன்னொருத்தி நாக்கு மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் சூடாக எதையும் சாப்பிட்டால் வெந்தாலும் தெரியாது என்பதை அன்றைக்கு டீ குடித்துக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு நோயாளிகளின் பாட்டிலைப் பார்த்தால் ஒரு மூடி ஊற்றி நாக்கில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் வீட்டில் இதைக் கேட்டு எனக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு தப்பு இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் சாமர்த்தியம். மாமியார் எதிரில் துப்பக் கூடாது என்று கொப்பளித்த தண்ணீரை எட்டு வேளையும் விழுங்கிவந்த மருமகளை எனக்குத் தெரியும். நான் "கொப்பளிங்க" என்றுதான் சொன்னேன், "துப்புங்க" என்று சொல்லவில்லை. அவருக்குக் காலெல்லாம் வீங்கி ரத்தக்கொதிப்பு ஏறியபிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு டாக்டர் என்னை "நீங்க" என்றார். அதிலிருந்து துப்புவதைக்கூட நானே செய்து காட்டிவிடுவேன். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வாஷ்பேசினில் துப்பிக் காட்டும் உத்தியோகம் உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

இதெல்லாம் சில்லறை. நான் சொல்ல உட்கார்ந்தது பலராமன் அண்ணனைப் பற்றி.

ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் வெளியூர் பஸ் வந்து நின்றால் முதல் ஆளாக உள்ளே ஏறுகிறவர் அவர். பட்டுக்கடைகளுக்கு ஆள் கூட்டிப் போகும் வேலை. தெலுங்கு பஸ்ஸில் தெலுங்கு, கன்னட பஸ்ஸில் கன்னடம், வடக்கத்திக்காரர்களிடம் ஒரு மாதிரி இந்தி. எந்த பாஷையிலும் விஷயம் ஒன்றுதான். "ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்து பாருங்கம்மா. புடிக்கலன்னா எழுந்துடுங்க, யாரு இன்னா கேக்கப் போறாங்க?" உட்கார்ந்தவர்கள் எழுந்ததில்லை. எங்கள் டாக்டரின் வீட்டம்மாவே ஒருதரம் டாக்டரோடு சாமி கும்பிடப் போய் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து மூன்று புடவையோடு எழுந்து வந்திருக்கிறார். முதல் நாள் டாக்டரும் அவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

அவருக்கு அடிநாக்கில் நோய். இருபது வருஷமாகக் கன்னத்தில் புகையிலை அடக்கிய பலன். முப்பத்துமூன்று நாள் கரண்டு என்று எழுதினார்கள். அதற்கு முன்னால் முகமூடி செய்ய வேண்டும். பிளாஸ்டிக் வலை ஒன்றை வெந்நீரில் போட்டால் அப்பளம் போல இளகிவிடும். அதை முகத்தின் மேல் போட்டு அழுத்தினால் மூக்கு, தாடை, கழுத்து எல்லாம் அச்சாகப் பதிந்து இறுகிவிடும். தினமும் அதைப் போட்டுப் படுக்கையோடு சேர்த்துப் பூட்டித்தான் கரண்டு வைப்பார்கள். துளி அசைந்தாலும் கதிர் இடம் மாறிவிடும். அதனால் ஆள் இளைக்கக் கூடாது. இளைத்தால் முகமூடி தொளதொளவென்று ஆகும். புது முகமூடி, புது ஸ்கேன், புதுக் கணக்கு என்று நாட்கள் போகும். திங்கள்தோறும் எடை பார்ப்பதும், முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று பார்ப்பதும் அதற்காகத்தான்.

முதல் இரண்டு வாரம் வரவேற்பறையே அவருடைய பஸ் ஆகிவிட்டது. பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் புது நோயாளிகளிடம் போய், "கண்ணாடி போட்ட டாக்டர்கிட்ட காட்டுங்க, கைராசி. நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்பார். அவர் மனைவி சரோஜா அக்கா ஒரு மூலையில் தூக்குவாளியும் பாட்டிலுமாக உட்கார்ந்திருப்பார். பேச்சு முழுவதையும் புருஷனிடம் கொடுத்துவிட்ட மாதிரி இருப்பார். கொப்பளிக்கும் தண்ணீர் கலக்கும் விதத்தை நான் சொன்னபோது ஒரே தடவையில் திருப்பிச் சொன்னார். நல்ல மாணவி என்று நான் டாக்டரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

நல்ல மாணவியின் புருஷனுக்குத்தான் அந்த வருஷம் எங்கள் பிரிவிலேயே மோசமான வாய். மூன்றாவது வாரம் பேச்சு நின்றுவிட்டது. சட்டைப் பையிலிருந்த பட்டுக்கடை விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்ட ஆரம்பித்தார். நாக்கில் வெள்ளைவெள்ளையாகத் திட்டு. பூஞ்சைக்கு மருந்து கொடுத்தோம், வலிக்கு மருந்தைக் கூட்டினோம். "கொப்பளிக்கறீங்களா?" என்றால் எட்டு விரலைக் காட்டுவார். "பால், தயிர், மோர் எல்லாம் உள்ள போகுதா?" என்றால் சரோஜா அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "குடுக்கறது அல்லாம் குடிக்கறாருமா" என்பார். எடை மட்டும் இரண்டு வாரத்தில் நாலு கிலோ இறங்கிவிட்டது.

பதினேழாவது நாள் அவர் உள்ளே வர மறுத்துவிட்டார். கரண்டு அறை வாசலில் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கார்டை நீட்டினார். ஒரு பக்கம் "சுத்தப் பட்டு, அசல் ஜரிகை" என்று இருந்தது. மறுபக்கம், "போதும். வாயை வெச்சுத்தான் பொழச்சேன். அதுவே எரியுது. நான் வரல" என்று எழுதியிருந்தார். டெக்னீஷியன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், நேத்து மாஸ்க்ல ரெண்டு விரல் போச்சு. இன்னும் ஒரு கிலோ குறைஞ்சா வேற மாஸ்க்தான். ஒரு வாரம் நிக்கும்" என்றார். ஒரு வாரம் வீட்டுக்குப் போனால் இந்த மனிதர் திரும்பி வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அப்படிப் போனவர்கள் கொஞ்ச மாதம் கழித்து எந்த நிலையில் வருவார்கள் என்பதும் தெரியும்.

டாக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, எரிச்சலில் பெஞ்சின் மேல் இருந்த அவருடைய பாட்டிலைத் திறந்து ஒரு மூடி நாக்கில் ஊற்றினேன். வெறும் தண்ணீர். உப்பும் இல்லை, சோடாவும் இல்லை. இன்னொரு மூடி ஊற்றினேன். குழாய்த் தண்ணீருக்கே அதைவிட ருசி அதிகம். எட்டு வேளையும் அந்த மனிதர் சும்மா தண்ணீரில் கொப்பளித்திருக்கிறார். நாக்கில் ருசி இருந்தால்தானே அவருக்குத் தெரியும்.

சரோஜா அக்காவைத் தனியாக அழைத்துப் போனேன். "இன்னாக்கா இது? உப்பு எங்க?" என்றேன். அவர் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு வாரம் முன்ன சித்திரா பௌர்ணமிக்கு சித்திரகுப்தர் கோயிலுக்குப் போனேன் சிஸ்டரு. ஒரு நாளு நோன்பு எல்லாரும் இருக்கறதுதான். உப்பு சேக்கக் கூடாது, பசும்பாலு தயிரு மோரு கூடாது. நான் அவருக்குக் கரண்டு முடியற வரைக்கும் எங்க வூட்ல ரெண்டும் வாணாம்னு வேண்டிக்கினு வந்துட்டேன். சோடாவும் உப்பு மாதிரிதானேன்னு அதையும் உட்டுட்டேன்."

எங்கள் சாப்பாட்டுச் சீட்டில் பாதி பாலும் தயிரும் மோரும்தான். மீதிப் பாதி முட்டை. நோன்பில் அதற்கும் இடமில்லை. அப்படியானால் அந்த மனிதர் இரண்டு வாரமாக உப்பில்லாத அரிசிக் கஞ்சியில் கரண்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"யாரைக் கேட்டு வேண்டிக்கினீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "யாரைக் கேக்கறது? இவரு முப்பது வருஷமா வாயால சொன்ன பொய் அல்லாம் அங்க எழுதி வெச்சிருப்பாங்க. சுத்தப் பட்டும்பாரு, அசல் ஜரிகைம்பாரு. இவருக்கே தெரியும் இல்லைன்னு. சும்மா இல்ல சிஸ்டரு. வாய்லயே வந்துச்சு பாருங்க."

"பொய் சொல்றவங்களுக்கெல்லாம் வாய்ல வந்தா, இந்த ஊர் கடைத்தெருவுக்குப் பாதி மாஸ்க் நாங்கதான் செய்யணும். வந்தது பொகையிலையால" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அழுதுவிடாமல் இருப்பதற்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக இந்தப் பயத்தைத் தூக்குவாளியோடு சேர்த்துச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார், நான் பாராட்டியதெல்லாம் அவருடைய ஞாபகசக்தியை. எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் வந்தார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "நீங்களே கூப்பிட்டு நோன்பை விடச் சொல்லுங்க சார்" என்றேன். அவர் டார்ச்சை அணைத்து அணைத்து எரியவிட்டுக்கொண்டிருந்தார்.

"சோடா மட்டும் போட்டுக் கொப்பளிச்சா ஆகாதா?"

"ஆகும் சார்."

"பசும்பால்தானே கூடாதுன்னாங்க?"

"ஆமா சார்."

"எருமை என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

சரோஜா அக்காவிடம் அவரே போய் உட்கார்ந்து கேட்டார். ஆப்ப சோடாவை வாயில் ஊற்றித் துப்பினால் நோன்புக்குப் பழுதா? அவர் யோசித்து, முழுங்காமல் இருந்தால் பரவாயில்லை என்றார். எருமைப்பால்? அது எப்போதுமே ஆகும், சாமிக்குப் பசுவோடுதான் சம்பந்தம் என்றார். ரத்தத்தில் உப்பு குறைந்தால் டிரிப்பில் ஏற்றலாமா? "வாய் வழியா போவலையே, போடுங்க" என்றார். கோயிலில் போய்க் கேட்டிருந்தால்கூட இவ்வளவு சுருக்கமாகத் தீர்ப்பு வந்திருக்காது. உப்பு அளவைப் பார்த்துக்கொள்வது தன் கவலை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்புறம் பெஞ்சுக்கு வந்தார். வலி மருந்தும் மரக்கும் மருந்தும் கொடுக்கச் சொல்லிவிட்டு, பலராமன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். மருந்து வேலை செய்ய அரைமணி நேரம் காத்திருந்தார். பிறகு மெதுவாக, "ரெண்டு நிமிஷம் சும்மா படுத்துப் பாருங்க. பிடிக்கலன்னா எழுந்துடுங்க. யாரு என்ன கேக்கப் போறாங்க?" என்றார்.

பலராமன் அண்ணன் அவரைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தால் உதடு வெடிக்கும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு கார்டில், "என் சரக்கை எனக்கே விக்கறீங்க" என்று எழுதினார். எழுந்து உள்ளே போனார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கே வார்டில் சேர்த்துக்கொண்டோம். என் நாத்தனார் வீடு முசரவாக்கத்தில். அவர்களிடம் மூன்று எருமை உண்டு. ஒன்றுகூட யாருக்கும் அடங்காது, நாத்தனார் உட்பட. தினமும் காலையில் என் நாத்தனார் புருஷன் வண்டியில் பாலும் தயிரும் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குள் வரப் பயந்து கேட்டோடு போய்விடுவார். அந்தத் தயிரைக் கத்தியால்தான் வெட்ட வேண்டும். கேழ்வரகுக் கூழில் அதைக் கலந்து, ஆறவைத்து, வடிகட்டி, மரக்கும் மருந்து கொடுத்துப் பத்து நிமிஷம் கழித்து ஊட்டினோம். பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு கூட. அடுத்த திங்கட்கிழமை எடை இறங்கவில்லை. அதற்கு அடுத்த திங்கள் முந்நூறு கிராம் ஏறியிருந்தது. முகமூடியில் விரல் நுழையவில்லை. நோன்பைக் கலைக்கப் போனவள் நான். நோன்பு என்னை ஜெயித்ததோடு நிற்காமல் எடையையும் ஏற்றிக் காட்டிவிட்டது.

முப்பத்துமூன்றாவது நாள் பலராமன் அண்ணன் கரண்டு அறையிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பெஞ்சிலிருந்து எழுந்த சரோஜா அக்கா இரண்டு அடி வைத்து அப்படியே சரிந்தார். நான்தான் தாங்கிப் பிடித்தேன். பிடித்த கைக்குள் ஆளே இல்லை. ரவிக்கைக் கையைச் சுருக்கிப் பின் குத்தியிருந்தது. இடுப்பிலும் ஒன்று, முதுகுப்பக்கம் இரண்டு. அந்தப் பின்களை நான் பல நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தையற்காரர் அளவை மாற்றிவிட்டார் போலும் என்று நினைத்திருந்தேன். புருஷனின் கன்னத்துக்கும் முகமூடிக்கும் நடுவில் வாராவாரம் விரல் விட்டுப் பார்த்தவள், எதிரில் தூக்குவாளியோடு நின்றவரைப் பார்க்கவில்லை.

எடை மெஷினில் ஏற்றினேன். முப்பத்தெட்டு கிலோ. உப்பில்லாத கஞ்சி, அதுவும் அரை வயிறு. எருமைத் தயிரில் ஒரு கரண்டிகூட அவர் தொடவில்லை, எல்லாம் நோயாளிக்கு என்று எடுத்து வைத்திருக்கிறார். ரத்த அழுத்தம் தரையில் கிடந்தது. நோயாளிக்கு வாராவாரம் ரத்தத்தில் உப்புப் பார்த்தோம், இவருக்கு யாரும் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த திங்களிலிருந்து என் வார்டில் கூட வருகிறவர்களையும் மெஷினில் ஏற்றினேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அழுகைதான் வந்தது, அழுதேன்.

டிரிப் போட்டு எழுப்பி உட்காரவைத்தபின் டாக்டர், "கரண்டு முடிஞ்சுதும்மா. வேண்டுதலும் முடிஞ்சுது. இப்ப உப்புப் போட்டுச் சாப்பிடணும்" என்றார்.

சரோஜா அக்கா தலையசைத்தார். "இல்ல சார். நேத்து போயி மாத்தி வேண்டிக்கினு வந்துட்டேன். இவரு நாக்குல உப்பு தெரியற வரைக்கும் எனக்கு வாணாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாக்கில் ருசி வர எத்தனை மாதம் ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதுவரை இந்தம்மா தாங்கமாட்டார். இந்தத் தடவை எருமையாலும் உதவ முடியாது.

என் சாப்பாட்டு டப்பா மேஜை மேல் இருந்தது. தயிர்சாதம், உப்புப் போட்டுப் பிசைந்தது. பலராமன் அண்ணன் எழுந்து வந்து டப்பாவைத் திறந்தார். ஓரத்தில் நின்ற தயிர்த் தண்ணீரை ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் விட்டுக்கொண்டார். உப்பு புண்ணில் பட்டிருக்கும். முகம் கோணியது, கழுத்து நரம்பெல்லாம் எழும்பியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். நாலு வாரம் பேசாதவர், கரகரவென்று ஒரு குரலில் பேசினார்.

"உப்பு தூக்கலா போட்டுட்டீங்க சிஸ்டர்."

சரோஜா அக்கா நிமிர்ந்தார். "தெரியுதா? மெய்யா?" என்றார்.

"தெரியுதுமா."

சரோஜா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மெய்யா சிஸ்டரு? அதுக்குள்ள வருமா?"

டாக்டர் டார்ச்சை எடுத்தார். "ஆ காட்டுங்க" என்று தானும் வாயைத் திறந்தார். நான் திறந்தேன், சரோஜா அக்கா திறந்தார். டாக்டர் அந்த நாக்கை இடமும் வலமுமாக ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "ஆமா, வந்துடுச்சு" என்றார். ருசி வந்ததை டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்ன டாக்டர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சரோஜா அக்கா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சுக்கா" என்றேன்.

பலராமன் அண்ணன் இந்த ஊரில் எத்தனையோ பஸ்களில் ஏறி எத்தனையோ பொய் சொல்லியிருப்பார். ஆனால் வலியை விழுங்கிச் சொன்ன பொய் அது ஒன்றுதான். பாவக் கணக்கு எழுதுகிறவர் எழுதிக்கொள்ளட்டும், அதன் கீழே டாக்டர் பேரையும் என் பேரையும் சேர்த்தே எழுதட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

டப்பாவைச் சரோஜா அக்கா முன்னால் நகர்த்தினேன். முதல் வாயைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் நீர் வழிந்தது. இரண்டாவது வாயை மெல்லாமலே விழுங்கினார். மூன்றாவது வாய்க்கு நிமிர்ந்து, "மோர் மொளகா இருக்குதா சிஸ்டரு?" என்று கேட்டார். நான் கேன்டீனுக்கு ஓடினேன்.